பானையை அறுத்துப் பார்த்தால் தெரியும் கை

சக்கரத்தில் வனைகிறவரின் கையையும் குணத்தையும் பார்க்க ஒரு சோதனை. அரைக் கிலோ மண் உருண்டை 10. அதில் 8 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரத்தில் நேராக நிற்கும் குவளை 10. அலங்காரம் வேண்டாம், பிடி வேண்டாம், மூடி வேண்டாம். பத்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வனைந்து முடித்த கையோடு மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றையும் வாயிலிருந்து அடிவரை இரண்டாக அறுங்கள். அறுத்த முகம் வெளியே தெரியும்படி, வனைந்த வரிசை மாறாமல் ஒரு பலகையில் வையுங்கள். ‘குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை’ என்பார்கள். இங்கே தடிகாரனும் நீங்களே என்பதால் கொஞ்சம் மனசு வலிக்கும். பரவாயில்லை.

மண்வேலையில் ஆளின் குணம் தெரியும் என்று பலரும் சொல்கிறார்கள். தெரியும்தான். ஆனால் முழுப் பானை எல்லாவற்றையும் மறைத்துவிடும். வெளிப்புறத்தைத் துணியால் வழித்து விட்டால் எந்தக் கையும் நல்ல கைபோலத் தெரியும். அறுத்த முகத்தில் மறைக்க இடமில்லை. அதையும் ஒரே பானையை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றில் வந்த கோணலைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். பத்தில் ஏழில் அதே இடத்தில் அதே கோணல் வந்தால் அது கையின் பழக்கம். கையின் பழக்கத்துக்குப் பின்னால்தான் ஆள் இருக்கிறார்.

முதலில் மண்ணை விசாரியுங்கள்

மண்ணின் குற்றத்தை ஆளின் தலையில் கட்டுவது இந்த வேலையில் தினமும் நடக்கிறது. ‘உனக்குப் பொறுமை கிடையாது, அதான் விரிசல்’ என்று ஒருவரைச் சொல்வதற்கு முன்னால் அந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை. நீர் வற்றும் மாதங்களில் குளத்தடியிலிருந்து எடுக்கிற களிமண்தான் இங்கே பானைக்கு ஆதாரம். (வட்டாட்சியர் அலுவலக அனுமதி இல்லாமல் மண்வெட்டியை இறக்க வேண்டாம்.) மேலே ஒரு முழம் வேரும் சருகுமாக இருக்கும், அதை ஒதுக்கிவிட்டு அடியில் இருக்கும் பிசுபிசுப்பான மண்ணை எடுப்பார்கள். எடுத்த மண்ணைக் காயவைத்து உடைத்து, தண்ணீரில் ஊறவிட்டு, கரைசலைக் கொசுவலையில் வடித்து, தெளிந்த நீரை இறுத்து, பிசையும் பதம் வரும்வரை துணிமேல் விரித்து வைக்க வேண்டும்.

பதமான மண்ணில் சுண்டுவிரல் தடிமனுக்குத் திரி உருட்டி ஆள்காட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிப்பு விழாவிட்டால் வனைய ஏற்றது. குறுக்கே வெடித்தால் மணல் அதிகம், அல்லது மண் இன்னும் புளிக்கவில்லை. புளிக்காத மண்ணை ஈரத்துணி போர்த்தி ஒன்றிரண்டு மாதம் மூடிவைத்தால் தேறும். அடுத்து, 1 செ.மீ. தடிமனில் ஒரு பட்டை வெட்டி அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீறுங்கள். முழுக்கக் காய்ந்தபின் கோடு 9.2 அல்லது 9.5 செ.மீ. ஆகியிருந்தால் சரி. 9 செ.மீ.க்கும் கீழே போனால் அந்த மண் அதிகமாகச் சுருங்குகிறது. எவ்வளவு பொறுமைசாலி வனைந்தாலும் கீறும். சமையல் சட்டிக்கு 3 பங்கு களிமண்ணுக்கு 1 பங்கு சலித்த மெல்லிய மணல் சேர்ப்பது சுருக்கத்தையும் குறைக்கும், அடுப்புச் சூட்டையும் தாங்கவைக்கும்.

மணல் என்றதும் கடற்கரைக்குப் போக வேண்டாம். கடல் மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட்டு, கார்னெட், சிர்க்கான் என்ற கனிமங்களோடு, கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மோனசைட்டும் உண்டு; சாப்பாட்டுச் சட்டிக்கு அது ஆகவே ஆகாது. மணக்குடி மாதிரிக் காயலோரத்து மண்ணிலும் உப்பு ஏறியிருக்கும். காய்ந்த பானையில் வெள்ளைப் படிவமாகப் பூத்து நிற்கும்.

சிப்பித் தூள் தருகிற தொல்லை தனி. அரிசிக் குருணை அளவு சிப்பி மண்ணில் இருந்தால் வனையும்போதும் தெரியாது, காயும்போதும் தெரியாது. சூளைச் சூடு 850 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பானை வெளியே வந்து சில நாள் காற்றின் ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு குடித்து உப்பும். மேலே இருக்கிற மண் காசு அளவுக்குத் தெறித்து விழும், குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். வெள்ளைப் புள்ளி இருந்தால் வனைந்தவர்மேல் குற்றமில்லை. காய்ந்த மண்ணில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த மண்ணை விட்டுவிடலாம்.

மண்ணுக்கு அடுத்து ஊர். இந்த மாவட்டம் சின்னதுதான், ஆனால் காயவைக்கிறவருக்கு இரண்டு தேசம். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று பானையின் ஒரு பக்கத்தை மட்டும் அரை நாளில் காயவைத்துவிடும். காற்றுப் பட்ட பக்கம் சுருங்க, படாத பக்கம் ஈரமாக நிற்க, நடுவில் கீறும். குலசேகரம், திருவட்டார்ப் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் அதே பானை ஒரு வாரம் ஆனாலும் குளிர்ச்சி விடாமல் அடியில் பூசணம் பிடிக்கும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் இது. தை தொடங்கி பங்குனி வரைக்குமான நாட்கள்தான் நம்பிக்கையாகக் காயவைக்க உதவும். தோவாளைக்காரருக்குப் பொறுமை கம்மி என்றும் குலசேகரத்துக்காரர் சோம்பேறி என்றும் பானையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இன்னும் சில. உட்காரும் முக்காலி சக்கரத்தட்டின் மட்டத்துக்கு இருக்க வேண்டும், அல்லது ஒரு விரற்கடை உயரமாக. தாழ்வாக உட்கார்ந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், கை நடுங்கும். பார்க்கிறவர் ‘பயந்த சுபாவம்’ என்பார். இடது கைப் பழக்கம் உள்ளவரை வலது கைக்காரருக்கான திசையில் சுற்றும் சக்கரத்தில் உட்கார வைத்தாலும் அப்படித்தான். மின்சக்கரங்கள் பலவற்றில் திசை மாற்றும் சுவிட்ச் உண்டு. முதலில் அதைத் தட்டிப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, அப்புறமும் பத்தில் ஏழு அதேபோல் வந்தால், பலகைக்குப் போகலாம்.

‘கிட்டத்தட்ட’ போதும் என்கிற கை

அறுத்த முகத்தில் முதலில் இரண்டு சுவர்களின் தடிமனையும் ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். ஒரு பக்கம் 5 மி.மீ., எதிர்ப்பக்கம் 10 மி.மீ. என்றால் மண் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் அடங்குவதற்கு முன்பே குழி எடுத்திருக்கிறார்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடுவில் அடக்குவதற்குச் சக்கரம் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று ஓட வேண்டும். முழங்கையைத் தொடையிலோ இடுப்பெலும்பிலோ ஊன்றி, உடம்பின் கனத்தைக் கைக்குக் கொடுத்து, கையை அசைக்காமல் நிறுத்தினால் போதும். மண் சுற்றிச் சுற்றி வந்து அந்தக் கைக்குள் அடங்கிவிடும். இங்கே தப்பு இரண்டு விதமாக வரும். சிலர் மண் துள்ளுகிற பக்கமெல்லாம் கையையும் கொண்டுபோவார்கள். மண்ணை வழிநடத்தாமல் மண் போகிற வழியில் போவார்கள். சிலர் தோள் பலத்தால் அமுக்குவார்கள். மண் அடங்கும், ஆனால் கையை வெடுக்கென்று எடுத்த நொடியில் மறுபடி நடு தப்பும். இரண்டாம் வகைக்கு மருந்து சுலபம்: கையை எடுக்கும்போது மனசுக்குள் 5 எண்ணி, ஐந்து சுற்றில் பிடியைத் தளர்த்த வேண்டும். முதல் வகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடு பிடிக்கச் சொன்னால் சரியாகும். துள்ளலைக் கண் பார்ப்பதால்தான் கை துரத்துகிறது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அவர்களுக்கு நடு பிடிக்கத் தெரியும். இன்னும் பத்து நொடி வைத்திருந்தால் அடங்கும் என்றும் தெரியும். ஆனாலும் ‘சரி, போதும்’ என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களின் பத்துப் பானையிலும் வித்தியாசம் 3, 4 மி.மீ. என்று அளந்து வைத்ததுபோல் நிற்கும். இதற்குப் பயிற்சியால் மட்டும் மாற்றம் வருவதில்லை. அறுத்த முகத்தை அவர்களே ஸ்கேலால் அளந்து தாளில் எழுத வேண்டும். எழுதிய எண் ‘கிட்டத்தட்ட’ என்று சொல்லாது.

அடியில் இருக்கும் பயம்

பலகையில் அடுத்துப் பார்க்க வேண்டியது அடி. இந்த அளவுக் குவளைக்கு அடி 8 மி.மீ. போதும். குழி எடுத்ததும் ஊசியை நடுவில் சக்கரத்தட்டு வரை குத்தி, மண் மட்டத்தில் விரலைப் பிடித்து எடுத்தால் தடிமன் தெரிந்துவிடும். ஊசித் துளையை விரலால் ஒருமுறை தேய்த்தால் மூடிக்கொள்ளும்.

15 மி.மீ.க்கு மேல் அடி தடித்திருந்தால் அதைப் பயம் என்று துணிந்து சொல்லலாம். வனைந்த வரிசையைக் கலைக்கக்கூடாது என்று முன்னால் சொன்னதற்குக் காரணமும் இங்கே இருக்கிறது. முதல் இரண்டும் 7, 8 மி.மீ. என்று அழகாக இருக்கும். மூன்றாவது குவளையின் அடியில் ஓட்டை விழுந்திருக்கும். நான்காவதிலிருந்து பத்தாவது வரை அடி 15, 18, 16 என்று போகும். ஒரே ஒரு ஓட்டை அந்த ஆளை ஏழு பானை தூரம் துரத்தியிருக்கிறது. வேறொருவருக்கு ஓட்டைக்கு அடுத்த பானை 12 மி.மீ., அதற்கடுத்தது 8 என்று திரும்பிவிடும். இருவருக்கும் கைத்திறன் ஒன்றுதான். விழுந்தபின் எழுகிற வேகம் வேறு. எங்களைக் கேட்டால் பலகை முழுவதிலும் ஆளைப் பற்றி அதிகம் சொல்கிற இடம் இதுதான்.

பயந்த கைக்கு ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பலனில்லை. மூன்று உருண்டையைக் கொடுத்து மூன்றிலும் வேண்டுமென்றே அடியை ஓட்டை போடச் சொல்லுங்கள். ஓட்டை விழுவதற்கு முன்னால் விரலுக்குக் கீழே மண் எப்படி மாறுகிறது, தட்டின் கடினம் எப்போது தட்டுப்படுகிறது என்பதை விரல் தெரிந்துகொள்ளும்.

அடியில் இன்னொன்றும் உண்டு, அது அறுத்தாலும் தெரியாது. குழி எடுத்தபின் அடியை விளிம்பிலிருந்து நடுவுக்கு மூன்று நான்கு முறை விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். உள்ளே தேங்கிய நீரைக் கடற்பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டையும் செய்யாவிட்டால் காயும்போதோ சுடும்போதோ அடியில் பாம்பு வளைந்ததுபோல் ஒரு விரிசல் ஓடும். சுவர் மண் ஏற்றும்போது இறுகிவிடும். அடி மண் யாரும் தொடாததால் தளர்வாகவே நின்று அதிகம் சுருங்கும். அதுதான் காரணம். வெளியே தெரியாத இடத்தில் வேலை செய்யச் சலித்துக்கொள்கிறவர்களின் பானையில் இந்த விரிசல் தவறாமல் வரும். ஒரு வாரம் கழித்து வருவதால் அவர்கள் பெரும்பாலும் வெயிலைத்தான் திட்டுவார்கள்.

18 நொடி

சுவர் ஏற்றுவதில் அவசரம் எப்படித் தெரியும்? கணக்கே இருக்கிறது. சுவர் ஏற்றும்போது சக்கரத்தை நிமிடத்துக்கு 100 சுற்றுக்குக் குறைக்க வேண்டும். உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல், நடுவில் மண். ஒரு சுற்றுக்குக் கை 4 மி.மீ. மேலே ஏறலாம், விரல்நுனி படுகிற அகலமே அவ்வளவுதான். 12 செ.மீ. ஏற 30 சுற்று. 100 சுற்று வேகத்தில் 30 சுற்றுக்கு 18 நொடி. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் புதியவர்கள் பலரும் ஆறேழு நொடியில் மேலே வந்துவிடுவார்கள். அப்படியானால் விரல் படாத இடம் சுவரில் பாதிக்கு மேல். அறுத்த முகத்தில் இது ஏணிப்படிபோல மேடும் பள்ளமுமாகத் தெரியும். வெளியே பார்த்தால் திருகாணிபோலக் கோடு சுற்றி ஏறும். அடிப்பகுதியில் மண் தங்கிவிட, நடுவில் 4 மி.மீ., கீழே 14 மி.மீ. என்று இருக்கும்.

அவசரக்காரரிடம் ‘மெதுவாக’ என்றால் அவர் சக்கரத்தைத்தான் மெதுவாக்குவார், கையை அல்ல. அது நிலைமையை இன்னும் கெடுக்கும். 18 வரை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். அல்லது மூச்சை விட்டுக்கொண்டே ஏற்றச் சொல்லுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றுகிறவர்தான் பாதியில் வேகம் எடுப்பார்.

இதற்கு நேர் எதிர்க் கை ஒன்று உண்டு. நிறுத்தத் தெரியாத கை. மூன்று ஏற்றத்தில் முடிய வேண்டிய குவளையை எட்டு முறை, பத்து முறை ஏற்றும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர். மண் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். ‘இன்னும் இந்த ஒரு இடம்’ என்று தொடும்போது சுவரில் ஒரு மடிப்பு விழுந்து குவளை உட்கார்ந்துவிடும். இந்தக் கையின் சொந்தக்காரர்கள் பொதுவாகக் கெட்டிக்காரர்கள். வேறு வேலைகளில் இதே பிடிவாதம் நல்ல பேர் வாங்கித் தந்திருக்கும். மண் மட்டும் அதற்கு மசியாது. இவர்களுக்கு ஒரு சிரட்டை (கொட்டாங்குச்சி) தண்ணீர் அளந்து கொடுத்து, ஒரு பானைக்கு இவ்வளவுதான் என்று வைத்தால் கை தானாக நிற்கும். நான்கு ஏற்றத்துக்கு மேல் தொட்டால் பானை பக்கத்தில் இருப்பவருக்கு என்று விளையாட்டாக ஒரு சட்டம் வைப்பதும் நன்றாக வேலை செய்கிறது.

வாய் விளிம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் விளிம்பை விரலால் ஒருமுறை மேலிருந்து அழுத்திச் சமனாக்க வேண்டும். செய்யாவிட்டால் கூர்மையாக நின்று, காயும்போது அங்கேதான் முதலில் கீறும்.

காத்திருப்பது

பாதி காய்ந்த பதம் என்பது விரலால் அழுத்தினால் குழியாமல், நகத்தால் கீறினால் கோடு விழுகிற பதம். பிடி வைப்பதோ அடியைச் சீவுவதோ அப்போதுதான். பிடியும் பானையும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ‘சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது’ என்பது தெரிந்த பழமொழி. காய்ந்த பச்சைமண்ணும் ஈரப் பச்சைமண்ணும்கூட ஒட்டாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண்கூழ் தடவி, அழுத்தி, இரண்டு நாள் பிளாஸ்டிக்கில் மூடிவைத்தால் ஈரம் சமனாகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தூக்குகிற பக்கம்தான் முதலில் காயும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது பழைய வழி. சில்லென்றிருந்தால் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் எல்லாமே சில்லென்றிருக்கும் என்பதால் தராசுதான் நம்பகமானது. இரண்டு நாள் அடுத்தடுத்து நிறுத்து, ஒரே எடை காட்டினால் காய்ந்தது.

கெட்டுப்போன பானையைத் தூக்கிப்போட மனசு வராத கையும் உண்டு. அலமாரி நிறைய வாய் கோணிய, அடி தடித்த பானைகள். அடுத்த தடவை அதே தப்பைத்தான் செய்வார்கள், ஏனென்றால் பழையதை இன்னும் பிழை என்று ஒத்துக்கொள்ளவில்லை. பச்சை மண்ணுக்கு இருக்கிற பெரிய வசதியே சுடாதவரை திரும்ப வரும் என்பதுதான். ஆனால் பாதி காய்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டால் நாள் கணக்கில் கட்டியாகவே கிடக்கும். முழுக்கக் காயவிட்டு, சுத்தியலால் உடைத்துப் போட்டால் சிறிது நேரத்திலேயே பொலபொலவென்று கரைந்துவிடும்.

யாருக்கு எந்த வேலை

குணத்தைக் கண்டுபிடித்து என்ன செய்வது? திருத்தத்தான் வேண்டும் என்றில்லை. சில குணத்துக்கு ஏற்ற பானை இருக்கிறது.

வேகக் கைக்கு அகல்விளக்கு. 5 கிலோ மண்ணை ஒரே குன்றாக நடுவில் அடக்கி, உச்சியில் மட்டும் 50 கிராம் அளவுக்குக் கட்டைவிரலால் குழித்து, மூக்கைக் கிள்ளி, நூலால் அறுத்து எடுத்துவைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு குன்றில் ஏறக்குறைய 100 விளக்கு வரும். இதில் யோசிக்கிற ஆள் தோற்பார். கார்த்திகைக்கு முன்னால் இப்படி ஒரு கை கிடைத்தால் பாக்கியம்.

நிதானக் கைக்குத் தட்டி விரிக்கும் வேலை. பெரிய பானையும் குடமும் சக்கரத்திலேயே முழுசாக முடிவதில்லை. வாயும் கழுத்தும் சக்கரத்தில் வரும். உடம்பும் அடியும் தடித்த மண்ணாக இறங்கும். பாதி காய்ந்தபின் மடியில் வைத்து, உள்ளே ஒரு கையில் வழவழப்பான கல், வெளியே மறு கையில் மரப்பலகை, நடுவில் மண் என்று தட்டித் தட்டி 10 மி.மீ. சுவரை 4, 5 மி.மீ.க்கு விரிப்பார்கள். பலகையில் மண் ஒட்டாமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். கல்லும் பலகையும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். தப்பினால் பள்ளம், அல்லது கீறல். உள்ளே இருக்கிற கையைக் கண் பார்க்க முடியாது, காதுதான் பார்க்கும். தடித்த இடம் ‘தொப்’ என்கும், மெலிந்த இடம் ‘டக்’ என்கும். பேசிக்கொண்டே தட்டுகிறவரின் பானை ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடித்திருக்கும். ஒரே தாளத்தில், நடுநடுவே நிறுத்திக் கேட்டுத் தட்டுகிறவரிடம் பெரிய பானையை நம்பிக் கொடுக்கலாம்.

பயந்த கை சூளைக்கு நல்லது. இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள், ஆனால் சூளையில் துணிச்சலுக்கு வேலையில்லை. காய்ந்த பானையிலும் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி வெளியேற வழியில்லாவிட்டால் பானை வெடிக்கும். (காற்றுக் குமிழிதான் வெடிக்கிறது என்று சொல்வது பாதிதான் உண்மை, ஈரம் இல்லாத குமிழி வெடிக்காது.) அதனால் முதல் மூன்று நான்கு மணி நேரம் தேங்காய்க் கதம்பையை (நார் மட்டையை) வைத்துப் புகைமூட்டம் மட்டும். அதன்பின் ஓலை மட்டை, கடைசியில் ரப்பர் விறகோ சிரட்டையோ. மேலே வைக்கோல் பரப்பி மண்கூழ் பூசி, புகை போக இடம் விட்டு மூடியிருக்கும். இப்படிச் சுடும் திறந்தவெளிச் சூளை பொதுவாக 700 முதல் 900 டிகிரி வரை போகும். மண்ணில் ரசாயனமாகப் பிணைந்திருக்கும் நீர் ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரிக்குள் வெளியேறும். 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று உப்பும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பகுதியை மெதுவாகக் கடக்க வேண்டும். துணிச்சல்காரர் நள்ளிரவிலேயே ஒரு ஓரத்தைப் பிரித்துப் பார்ப்பார். ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பயந்தவர் மறுநாள் மாலைவரை கிட்டே போகமாட்டார்.

புகைத் துளைகளைத் திறந்துவைத்தால் மண்ணிலுள்ள இரும்பு காற்றைக் குடித்துச் சட்டி சிவக்கும். கடைசிக் கட்டத்தில் துளைகளை அடைத்துப் புகையை உள்ளேயே பூட்டினால் கருக்கும். பாதி சிவப்பு பாதி கருப்பாக வருவதைச் சிலர் கலைஞரின் மனநிலை என்று விளக்கம் சொல்கிறார்கள். அது காற்று அடித்த பக்கம்.

நிறுத்தத் தெரியாத கைக்கு மெருகு. பாதி காய்ந்த சட்டியில் காவிமண் பூச்சுக் கொடுத்து, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்கும் வேலை. நிறையத் தேய்த்தாலும் எளிதில் கெடாது, தேய்க்கத் தேய்க்க நுண்துளைகள் அடைபட்டு நீர் கசிவதும் குறையும்.

இப்படிப் பிரித்துக் கொடுத்தபின் சந்தையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மீன்சட்டி வாங்க வருகிறவர் வனைந்தவரின் மனசைத் தேடி வருவதில்லை. சட்டியை விரல்நுனிகளில் தூக்கி, மடக்கிய விரலால் சுண்டுவார். மணிபோல ஒலித்தால் சரி, கரகரத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. தரையில் வைத்து ஒரு சுற்று சுற்றிவிடுவார். அடி தேறாதவரின் சட்டி தள்ளாடும். ‘இது ஆடுதே அக்கா’ என்று அடுத்ததை எடுப்பார். கடைசியாகக் கட்டைவிரலை வாய் விளிம்பில் ஒரு வட்டம் ஓட்டுவார், எங்கேயாவது தடுக்குகிறதா என்று. பிடித்துப்போனால் அடுத்த வருஷம் வரும்போதும் குவியலில் அதே விளிம்பைத்தான் தேடுவார். வனைந்தவர் யாரென்று கேட்டால் அவருக்குத் தெரியாது. குவியலைக் கலைத்து, அந்த ஒரு கையின் சட்டிகளை மட்டும் பக்கத்தில் எடுத்து வைத்திருப்பார்.